ஒட்டாத ஒட்டு

நுழையும்முன்

ஒருவரையொருவர் நேரில் காணாத ஆயிரக்கணக்கானோர், பல நாடுகளில் இருந்துகொண்டே ஒரே மென்பொருளை உருவாக்குகின்றனர். ஒருவர் எழுதும் திருத்தம், மற்றவர் எழுதிய நிரலோடு பொருந்தியாக வேண்டும். அது பொருந்த மறுத்தால் என்ன செய்வது? கெர்னல் திருத்தப் பணியில் ஈடுபட்டுள்ள ஒருவர், தம் பட்டறிவின் வழியே இவ்வினாவுக்கு விடை தேடுகிறார்.

பொருத்துவதே பணி

லினக்ஸ் கெர்னலில் திருத்தங்களைச் சேர்க்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். என் பணியைப் பற்றி அறிந்தவர்கள், "புதிதாக என்ன எழுதினீர்கள்?" என்றே கேட்கிறார்கள். நான் எழுதுவதற்குச் செலவிடும் நேரம் குறைவு. யாரோ எழுதிய திருத்தத்தை, வேறு யாரோ எழுதிய நிரலுக்குள் பிழையின்றிப் பொருத்துவதிலேயே என் நாளின் பெரும்பகுதி கழிகிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது தையற்காரர் கிழிசலுக்கு ஒட்டுப்போடுவது போன்ற சிறுவேலையாகத் தோன்றலாம். எனக்கோ, நிரலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைக் கற்றுத்தந்ததே இந்த வேலைதான்.

கெர்னல் என்பது இயக்க அமைப்பின் உட்கரு. கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே நின்று, நினைவகத்தைப் பங்கிடுவதும் கோப்புகளைக் காப்பதும் இணைத்த கருவிகளோடு பேசுவதும் அதன் கடமை. பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகள் இருந்தன. இன்று அவை 3 கோடியைக் கடந்துவிட்டன. ஆண்ட்ராய்டு திறன்பேசி ஒவ்வொன்றிலும் இயங்குவது லினக்ஸ் கெர்னலே. 2017 நவம்பர் முதல், உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெறும் கணினிகள் அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன.

இதன் மூலநிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் திருத்தத்தை அனுப்பலாம். ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றை எழுதியவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். திங்கட்கிழமை நான் படித்த கோப்பு, வெள்ளிக்கிழமை அதே கோப்பாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. என் பணியின் இடர்கள் எல்லாம் இங்கிருந்தே பிறக்கின்றன.

ஒட்டு என்னும் சொல்

திருத்தத்தைக் கணினித்துறையினர் 'பேட்ச்' என்பர். 'ஒட்டு' என்பதே அதன் பொருள். தொடக்ககாலக் கணினிகள் துளையிட்ட தாள்நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தன. தவறான துளை ஒன்று விழுந்துவிட்டால், நாடா முழுவதையும் மீண்டும் செய்யாமல், அத்துளையின்மேல் சிறு துண்டுத்தாளை ஒட்டி மூடினர். அந்த ஒட்டே பிற்காலத்தில் எல்லாத் திருத்தங்களுக்கும் பெயராயிற்று.

இரண்டு கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பிரித்துக் காட்டும் கருவியை, 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கினார். அவ்வாறு பிரித்தெடுத்த வேறுபாட்டை மற்றொருவரின் கோப்பில் தானாகவே பொருத்தும் 'பேட்ச்' என்னும் நிரலை லாரி வால் 1985ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். இதனால் முழுக்கோப்பையும் அனுப்பும் தேவை நீங்கியது. மாறிய நான்கு வரிகளை அனுப்பினால் போதும். பெறுபவர் அவற்றைத் தம் கோப்பில் ஒட்டிக்கொள்வார். தொலைவில் இருப்போர் ஒன்றுகூடி மென்பொருள் எழுதுவதற்கு வழிதிறந்தவற்றுள் இச்சிறு கருவியும் ஒன்று.

இடம் காட்டும் அயல்வரிகள்

ஓர் ஒட்டு தான் சேரவேண்டிய இடத்தை எப்படி அறிகிறது? சமையற்குறிப்பு நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ரசம் வைக்கும் முறையில் உப்பு சேர்க்கும் வரி விடுபட்டுள்ளது. அதற்கான ஒட்டு இவ்வாறு அமையும்:

@@ -120,6 +120,7 @@
 புளியைக் கரைத்து ஊற்றுக.
 தக்காளியைப் பிசைந்து சேர்க்க.
 மிளகு சீரகப் பொடியைத் தூவுக.
+உப்பு சேர்க்க.
 நுரைத்து வந்ததும் இறக்குக.
 தாளித்துக் கொட்டுக.
 மல்லித்தழை தூவுக.

முதல்வரியிலுள்ள எண்கள், பழைய நூலில் 120ஆம் வரி முதல் 6 வரிகள், புதிய நூலில் அதே இடத்தில் 7 வரிகளாகின்றன என்று கூறுகின்றன. கூட்டல் குறி இட்ட வரி புதிதாகச் சேர்வது. அதற்கு மேலே மூன்று வரிகளும் கீழே மூன்று வரிகளும் மாறாதவை. எனினும் அவையும் உடன் அனுப்பப்படுகின்றன. அவற்றைச் சூழல்வரிகள் என்று அழைக்கலாம்.

மாறாத வரிகளை ஏன் அனுப்ப வேண்டும்? வரியெண் மட்டும் இருந்தால் போதாது என்பதே காரணம். நூலின் தொடக்கத்தில் ஒருவர் முன்னுரையாக இருபது வரிகளைச் சேர்த்துவிட்டால், 120ஆம் வரி 140ஆம் வரியாகிவிடும். ஆனால் ரசத்தின் அயல்வரிகள் அப்படியே இருக்கும். ஊரில் ஒரு வீட்டுக்கு வழிசொல்பவர் கதவெண்ணைச் சொல்வதோடு நிற்பதில்லை. "அரசமரத்தை அடுத்து, நூலகத்துக்கு எதிரே" என்று அண்டை அயலையும் சேர்த்துச் சொல்வார். ஒட்டும் அவ்வாறே தன் இடத்தை அயலாரைக் கொண்டு அறிகிறது. அயலார் மாறிவிட்டால் அது வழிதெரியாமல் நின்றுவிடுகிறது. அப்போது திரையில் 'பொருந்தவில்லை' என்னும் செய்தி தோன்றுகிறது. ஒட்டமுடியாத பகுதி தனியே ஒரு மறுப்புக் கோப்பில் எழுதி வைக்கப்படுகிறது.

ஒட்டாமைக்குக் காரணங்கள்

பொருந்தவில்லை என்னும் செய்தி ஒன்றுதான். அதன் பின்னுள்ள காரணங்கள் பல. எந்தக் காரணம் என்று அறியாமல் கைவைத்தால் வேலை இரட்டிப்பாகும்.

முதற்காரணம், வழியில் நேரும் சிதைவு. கெர்னல் திருத்தங்கள் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே செல்கின்றன. கெர்னல் நிரலில் ஒவ்வொரு வரியின் உள்தள்ளலும் 'டேப்' என்னும் குறியால் இடப்படுகிறது. அதன் அகலம் 8 எழுத்து. சில மின்னஞ்சல் செயலிகள், அனுப்புபவர் அறியாமலேயே டேப் குறியை வெற்றிடங்களாக மாற்றிவிடும். நீண்ட வரிகளை மடித்து இரண்டாக்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கருவிக்கோ அவை வெவ்வேறு எழுத்துகள்.

ஒருமுறை, கல்லூரி மாணவர் ஒருவர் முதன்முதலாக எழுதிய திருத்தம் மூன்று முறை பொருந்தாமல் திரும்பியது. தம் நிரல் தரமற்றது என்று எண்ணி அவர் மனம் தளர்ந்துபோனார். நான் அதன் மறைகுறிகளை வெளிப்படுத்திப் பார்த்தேன். டேப் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெற்றிடங்கள் இருந்தன. "உங்கள் நிரலில் குறையில்லை, உங்கள் மின்னஞ்சல் செயலிதான் அதனைக் கலைத்திருக்கிறது" என்று எழுதினேன். கெர்னலின் ஆவணங்களிலேயே இதற்கான அறிவுரை உள்ளது: திருத்தத்தை முதலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், வந்ததை எடுத்து ஒட்டிப் பாருங்கள், பிறகு பிறருக்கு அனுப்புங்கள். அம்மாணவர் அவ்வாறே செய்தார். நான்காம் முறை அவருடைய திருத்தம் ஏற்கப்பட்டது.

இரண்டாம் காரணம், அடித்தளம் வேறுபடுதல். சென்ற பதிப்பை வைத்து எழுதிய திருத்தத்தை இன்றைய பதிப்பில் ஒட்ட முயன்றால் அயல்வரிகள் மாறியிருக்கும். ஆகவே, எந்த நிலையின்மீது எழுதப்பட்டது என்பதைத் திருத்தத்தோடு குறித்தனுப்புவது நல்ல வழக்கம். மூன்றாம் காரணம், முன்தேவை விடுபடுதல். ஐந்து திருத்தங்கள் கொண்ட தொடரில் மூன்றாவதை மட்டும் எடுத்து ஒட்டினால், முதல் இரண்டும் அமைத்த வரிகளை அது தேடும்; அவை இல்லாமையால் பொருந்தாது.

நான்காம் காரணம் விந்தையானது. அதே திருத்தத்தை வேறொருவர் முன்னரே சேர்த்திருப்பார். 'இது தலைகீழான ஒட்டா, முன்பே ஒட்டியதா?' என்று கருவி நம்மையே கேட்கும். செய்யவேண்டிய பணி முடிந்துவிட்டது; நாம்தான் அறியவில்லை.

தெரிந்து தெளிவோம்

பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோருக்காக, புதிய பதிப்பில் செய்த பிழைத்திருத்தங்கள் மட்டும் பழைய கிளைகளுக்கும் கொண்டுசெல்லப்படுகின்றன. இக்கிளைகள் நிலைக்கிளைகள் எனப்படும். ஒரு திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்த பிறகே நிலைக்கிளைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. பழைய கிளையில் அது பொருந்தாவிட்டால், பேணுநர்கள் அதனை எழுதியவருக்குத் தெரிவிப்பர். பழைய கிளைக்கு ஏற்றவாறு மாற்றி அனுப்ப விரும்புவோர் அனுப்பலாம்.

தவறான இடத்தில் சரியான வரி

பொருந்தாத ஒட்டைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. அது, பொருந்தாத இடத்தில் பொருந்திவிடும் ஒட்டு.

பழைய 'பேட்ச்' கருவி இரக்கமுள்ளது. அயல்வரிகள் அனைத்தும் பொருந்தாவிட்டால், ஓரத்திலுள்ள வரிகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் தேடும். இதனை நெகிழ்வு எனலாம். நெகிழ்வு 1 என்றால், மேலேயும் கீழேயும் கடைசியிலுள்ள ஒவ்வொரு சூழல்வரியை அது பொருட்படுத்தவில்லை. நெகிழ்வு 2 என்றால், இரண்டிரண்டு வரிகளை விட்டுவிட்டது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வரிகளை மட்டும் நம்பி இடத்தை முடிவுசெய்தது. நமது சமையல் நூலில் 'நுரைத்து வந்ததும் இறக்குக' என்னும் வரி பாயசத்திலும் இருந்து, அதற்கு மேலேயும் 'பொடியைத் தூவுக' என்று முடியும் அதே வரி அமைந்துவிட்டால், ரசத்துக்கான உப்பு பாயசத்தில் விழும். கருவியோ 'வெற்றி' என்றே அறிவிக்கும்.

நான் பணிபுரிந்த சிறு குழு, பால் கொள்முதல் நிலையங்களில் வைக்கும் கருவி ஒன்றைப் பேணிவந்தது. ஊற்றும் பாலின் எடையையும் கொழுப்பின் அளவையும் அது பதிவுசெய்யும். கொழுப்பின் அளவுக்கேற்பவே பாலுக்கு விலை. விடியற்காலையில் பால்குடத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்கு, அந்தப் பதிவுதான் அன்றைய கூலி. அளவைக் கருவியின் கம்பி தளர்ந்து விலகும்போதெல்லாம் கணினி முழுவதும் உறைந்து நின்றுவிடுகிறது என்னும் முறையீடு எங்களுக்கு வந்தது.

காரணம், கெர்னலின் உள்ளே இருந்த ஓர் இயக்கி. கம்பி விலகியதும், இயக்கி தான் பயன்படுத்திய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். சற்றுமுன் தொடங்கிய ஒரு பணியோ பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலிசெய்த வீட்டுக்குள் நுழைந்து, புதிய குடித்தனக்காரரின் பொருள்களைக் கலைப்பதுபோல, அப்பணி தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் எழுதிவிடும். வெளிநாட்டிலுள்ள நிரலர் ஒருவர் இப்பிழையை முன்பே கண்டறிந்து, முதன்மைக் கிளையில் திருத்தியிருந்தார். திருத்தம் ஒரே வரி: நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன், நிலுவையிலுள்ள பணி முடியும்வரை காத்திரு.

எங்கள் கருவியில் இருந்ததோ பழைய கெர்னல். அந்த ஒரு வரியை அதில் ஒட்டினோம். '412ஆம் வரியில் பொருந்தியது, நெகிழ்வு 2, இடம் 83 வரிகள் முன்னே நகர்ந்தது' என்று செய்தி வந்தது. நிரல்பெயர்ப்பி எந்தக் குறையும் சொல்லவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, "ஏற்றுக்கொண்டுவிட்டதே அக்கா, இன்னும் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

"அது ஏற்றுக்கொண்டது சரி. எங்கே ஏற்றுக்கொண்டது என்று பார்த்தாயா?" என்றேன்.

கோப்பைத் திறந்தோம். கம்பி விலகும்போது இயங்கும் செயற்கூற்றில் அந்த வரி இல்லை. இயக்கி தொடங்கும்போது பிழை நேர்ந்தால், பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் மற்றொரு செயற்கூற்றின் கடைசியில் போய் அமர்ந்திருந்தது. இரண்டு செயற்கூறுகளின் முடிவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பழைய கெர்னலில், சரியான இடத்தில் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரி வேறு பெயரில் இருந்தது. எனவே அந்த இடத்தைக் கருவி அடையாளம் காணவில்லை. தெரிந்த முகம் ஒன்றை வேறிடத்தில் கண்டு, அங்கே நின்றுவிட்டது. அங்கே காத்திருக்க வேண்டிய பணி எதுவும் அப்போது தொடங்கியிருக்காது. வரி இருந்தும் பயனில்லை. வேண்டிய இடத்திலோ வரி இல்லை.

அப்படியே அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 'பிழை திருத்தப்பட்டது' என்று ஏட்டில் பதிவாகியிருக்கும். கம்பி தளரும் காலைகளில் கணினி முன்போலவே உறைந்திருக்கும். திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது என்ற நம்பிக்கையில், எவரும் அந்த இடத்தை மீண்டும் தேடியிருக்கமாட்டார்கள். தம்பி நெடுநேரம் அந்த 412ஆம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று பிரதிகள்

இத்தகைய நிலையில் நெகிழ்வை நம்பாமல் இணைப்பை நாடுவதே நன்று. லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னல் பணிக்காகவே 2005 ஏப்ரலில் 'கிட்' என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியை எழுதத் தொடங்கினார். அது இயல்பாக நெகிழ்வை அனுமதிப்பதில்லை. அயல்வரிகள் அப்படியே பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். ஆனால் அதனிடம் வேறொரு திறன் உண்டு. ஒட்டு எந்தக் கோப்பின்மீது எழுதப்பட்டதோ, அக்கோப்பின் அடையாளம் ஒட்டுக்குள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பழைய கோப்பு நம் களஞ்சியத்தில் இருந்தால், கிட் மூன்று பிரதிகளை ஒப்பிடும்: முதலில் இருந்தது, திருத்தியவர் ஆக்கியது, நம்மிடம் இருப்பது.

இருவர் எழுதியதை மட்டும் அருகருகே வைத்தால், யார் எதை மாற்றினார் என்று சொல்லமுடியாது. முதலில் இருந்ததையும் உடன்வைத்தால் அது தெளிவாகும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர், ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடித் திரட்டியதும் இத்தகைய தெளிவுக்காகவே. ஒரு சுவடியில் உள்ள சொல் மற்றொன்றில் வேறாக இருக்கும்போது, தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு அவர்கள் மேலே செல்லவில்லை, வேறுபாட்டைக் குறித்துவைத்தனர். நிரலைப் பொருத்துவோர்க்கும் அப்பொறுமை வேண்டும். முரண் ஏற்பட்ட இடத்தில் மூலவரிகளையும் சேர்த்துக் காட்டும்படி கிட்டிடம் சொல்லிவைக்கலாம். நான் எப்போதும் அவ்வாறே அமைத்துக்கொள்கிறேன்.

தம்பியும் நானும் அந்தக் கோப்பின் வரலாற்றைப் படித்தோம். ஒவ்வொரு மாற்றத்தோடும் அதனைச் செய்தவர், ஏன் செய்தார் என்பதை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் பழைய கெர்னலுக்கும் முதன்மைக் கிளைக்கும் இடையில், நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முறையை ஒழுங்குபடுத்திய ஒரு மாற்றம் இருந்தது. அயல்வரிகள் வேறுபட்டதற்கு அதுவே காரணம். இப்போது எங்கள்முன் இரண்டு வழிகள் இருந்தன. அந்த மாற்றத்தையும் கொண்டுவந்து, அதன்மேல் திருத்தத்தை ஒட்டலாம். அல்லது, திருத்தத்தின் கருத்தை எடுத்துக்கொண்டு பழைய நிரலுக்கு ஏற்பக் கையால் எழுதலாம். அந்த மாற்றம் வேறு பல கோப்புகளையும் தொட்டது. பழைய கெர்னலில் அவ்வளவு பெரிய மாற்றத்தைப் புகுத்துவது பொருத்தமன்று என்று முடிவுசெய்து, இரண்டாம் வழியைத் தேர்ந்தோம்.

சரியான செயற்கூற்றில் அந்த ஒரு வரியை எழுதியவன் தம்பிதான். அதற்குமுன், பழைய நிரலில் அப்பணி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, கம்பி விலகும் நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கக்கூடும் என்பதையெல்லாம் அவன் தாளில் வரைந்து எனக்கு விளக்கினான். பிறகு, கம்பியைப் பிடுங்குவதும் செருகுவதுமாக ஒரு வாரம் சோதித்தோம். கணினி உறையவில்லை.

ஒட்டிய பின்னும்

அயல்வரிகள் அனைத்தும் பொருந்தி, நெகிழ்வே இல்லாமல் ஒட்டிக்கொண்ட திருத்தமும் தவறாகலாம். ஒரு செயற்கூறு முன்பு வெற்றிக்குச் சுழியத்தைத் திருப்பித் தந்திருக்கும். இடையில் ஒருவர் அதன் பொருளை மாற்றியிருப்பார். திருத்தம் பழைய பொருளை நம்பி எழுதப்பட்டிருக்கும். எழுத்துகள் பொருந்துகின்றன, கருத்துகள் முரண்படுகின்றன. இதனை எந்த ஒட்டுக்கருவியும் கண்டுபிடிக்காது. படிப்பவரின் கண்ணும், இயக்கிப் பார்க்கும் சோதனையுமே கண்டுபிடிக்கும்.

இத்தகைய முரண்களை முன்கூட்டியே அறிவதற்கென, 2008ஆம் ஆண்டு முதல் 'லினக்ஸ் நெக்ஸ்ட்' என்னும் தனிக்கிளை நடத்தப்படுகிறது. அடுத்த பதிப்புக்காகப் பல குழுக்கள் ஆயத்தம் செய்துள்ள நூற்றுக்கணக்கான கிளைகள், வேலைநாள்தோறும் அதில் ஒன்றாக இணைத்துப் பார்க்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீபன் ராத்வெல் இப்பணியைத் தொடங்கிப் பல ஆண்டுகள் செய்தார். இரு குழுக்களின் மாற்றங்கள் மோதினால், அதனைத் தற்காலிகமாகச் சரிசெய்து, இரு தரப்புக்கும் எழுதித் தெரிவிப்பார். புதிதாக எதையும் படைக்காத இப்பணி இல்லையேல், புதிதாகப் படைத்தவை பலவும் ஒன்றோடொன்று மோதி நிற்கும்.

பெயரை அழிக்காத திருத்தம்

நாங்கள் மாற்றியெழுதிய திருத்தத்தைப் பதிவுசெய்தபோது, தம்பி ஓர் ஐயம் எழுப்பினான். "இந்த வரியை இங்கே எழுதியது நாம்தானே அக்கா? யார் பெயரைப் போடுவது?"

கெர்னல் பணியில் இதற்குத் தெளிவான மரபு இருக்கிறது. திருத்தத்தை முதலில் எழுதியவரின் பெயர், ஆசிரியராக அப்படியே இருக்க வேண்டும். முதன்மைக் கிளையில் அதன் அடையாள எண் எது என்பதைக் குறிக்க வேண்டும். பழைய கிளைக்காக நாம் செய்த மாற்றத்தைப் பகர அடைப்புக்குள் ஒரு வரியில் சொல்ல வேண்டும். இறுதியில் நம் பெயரை இட்டு ஒப்பமிட வேண்டும். 2004ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இவ்வொப்பம், 'இதனை அளிக்கும் உரிமை எனக்கு உண்டு' என்னும் உறுதிமொழி. ஒரு திருத்தம் எந்தெந்தக் கைகளின் வழியே வந்தது என்பதை, பத்தாண்டுகள் கழித்துப் படிப்பவரும் அறியலாம். பிழை இருந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

பகர அடைப்புக்குள் தம்பி எழுதிய வரி இது: 'பழைய நிரலில் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரி வேறாக இருப்பதால், கம்பி விலகும் செயற்கூற்றில் கையால் பொருத்தப்பட்டது.' இந்த இயக்கியை அடுத்துத் தொடுபவருக்கு நாங்கள் பட்ட பாட்டில் பாதி மிஞ்சும்.

பொருந்தவில்லை என்னும் செய்தியை முதன்முதலில் காணும் மாணவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வதைப் பார்க்கிறேன். சிலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். சிலர் எப்படியாவது ஒட்டிவிடக் கட்டளைமேல் கட்டளையாக இடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். நீங்கள் எழுதத் தொடங்கிய பிறகு, வேறொருவரும் அதே இடத்தில் உழைத்திருக்கிறார் என்பதே அச்செய்தியின் பொருள். அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று படியுங்கள். அது தெரிந்துவிட்டால், வரியை வைக்கவேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் செய்யும் உணவு ஒன்றின் செய்முறையைப் பத்து வரிகளில் எழுதுக. அதில் ஒரு வரியைச் சேர்ப்பதற்கான ஒட்டினை, மேலும் கீழும் மூன்று சூழல்வரிகளோடு எழுதி, நண்பரிடம் கொடுத்துப் பொருத்தச் செய்க.

2. 'பொருந்தாத ஒட்டைவிட, தவறான இடத்தில் பொருந்திய ஒட்டே அஞ்சத்தக்கது' – இக்கருத்தைப் பாடப்பகுதியைக் கொண்டு விளக்கி வகுப்பில் உரையாடுக.

3. பலர் இணைந்து உருவாக்கும் பள்ளிக் கையெழுத்து இதழில், ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தும்போது பின்பற்றவேண்டிய விதிமுறைகளைக் குழுவாகத் தொகுத்து எழுதுக.